இந்த வயதில் ஆட்டம் தேவையா?



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

மகன் வீட்டுக்குக் கிளாஸ்கோ வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே வாரம் ஒரு நாள் ஸ்காட்டிஷ் நாட்டு நடன வகுப்புக்குப் போகிறேன். மருமகள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். பாதிப் பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். நெருங்கிய உறவு ஒருவர் மட்டும் மனதில் பட்டதை அப்படியே எழுதினார்: "66 வயசுல, அண்ணன் போய் நாலு வருஷம்தான் ஆகுது, யாரோ வெள்ளைக்காரங்க கையைப் பிடிச்சிக்கிட்டு ஆட்டம் தேவையா அண்ணி?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். கேட்டவர் ஒருவர், நினைத்தவர்கள் பலர் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தேவைதான். எனக்கு மட்டுமில்லை, என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் தேவை. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது என்ன ஆட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்து நடனம் என்றதும் கட்டம் போட்ட கில்ட் உடுத்தி, தரையில் குறுக்காக வைத்த வாள்களுக்கு மேல் ஒருவர் துள்ளித் துள்ளி ஆடுவதுதான் பலருக்கு நினைவு வரும். அது ஹைலேண்ட் நடனம். தனியாக ஆடுவது, போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது, பெரும்பாலும் இளசுகள் ஆடுவது. நான் போவது கன்ட்ரி டான்ஸ். இதில் தனி ஆள் என்ற பேச்சே கிடையாது. பொதுவாக ஆண்கள் நால்வர் ஒரு வரிசை, பெண்கள் நால்வர் எதிர் வரிசை. இந்த எட்டுப் பேருக்கு ஒரு 'செட்' என்று பெயர். அக்கார்டியன், பிடில் இசைக்கு ஏற்பக் கைகோத்து வட்டம் சுற்றுவது, இடம் மாறுவது, நடுவில் இறங்கிப்போய்த் திரும்புவது என்று ஆட்டம் போகும்.

தாளம் மூன்று வகை. 'ரீல்' என்பது நம் தகதிமி நடை. 'ஜிக்' என்பது தகிட தகிட. மூன்றாவது 'ஸ்ட்ராத்ஸ்பே'. ஸ்பே ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் பெயர் அது. நிதானமான, கம்பீரமான நடை. எனக்குப் பிடித்தது அதுதான். முழங்காலுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

வகுப்பு நடப்பது ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில். மரத்தரை, சுவரோரம் நாற்காலிகள், இடைவேளையில் டீயும் பிஸ்கட்டும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில், அந்தக் கூடத்து வெளிச்சத்தைப் பார்த்தாலே மனதுக்குத் தெம்பாக இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள். ஓய்வு பெற்ற நர்ஸ், பஸ் டிரைவர், வங்கியில் வேலை பார்த்தவர் என்று எல்லோரும் உண்டு. நான் சுடிதாரும் தட்டையான கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு போகிறேன். பழகியவர்கள் 'கில்லி' என்ற மெல்லிய தோல் செருப்பைக் கயிறு கட்டிப் போட்டுக்கொள்கிறார்கள்.

சொல்லித்தருகிறவரும் ஓய்வு பெற்ற ஒரு பெண்மணிதான். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். அடுத்த கேள்வி, "முழங்கால் எப்படி இருக்கிறது?" துள்ள முடியாவிட்டால் நடக்கலாம், உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருந்தால் போதும் என்றார். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது.

அவர் பாடம் நடத்தும் முறையை நான் ஒரு மாணவியாகவும் கவனித்தேன், 34 ஆண்டு வகுப்பறையில் நின்றவளாகவும் கவனித்தேன். முதலில் பாட்டில்லாமல் நடக்கவைக்கிறார். பிறகு ஒவ்வொரு பகுதியாக அடி சேர்க்கிறார். பிறகுதான் இசை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளிதிலிருந்து கடினத்துக்கு என்று ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்ததை அந்த அம்மா கூடத்தில் நடத்திக் காட்டுகிறார்.

'மூவர் ரீல்' என்று ஒரு பகுதி. மூன்று பேர் ஒருவரை ஒருவர் சுற்றித் தரையில் எட்டுப் போடுவதுபோல் போய்வர வேண்டும். பலருக்கும் தலை சுற்றும் இடமாம் அது. எனக்கு உடனே பிடிபட்டது. ஏன் தெரியுமா? புள்ளி வைத்து வளைத்து இழுக்கும் சிக்குக் கோலம்தான் அது! மார்கழி மார்கழியாகக் கையால் போட்டதை இங்கே காலால் போடுகிறேன். கும்மியும் கோலாட்டமும் பழகிய நம் பெண்களுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு அந்நியமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள்.

இசை 32 தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு சுற்று. வழக்கமாக அதை 8 முறை வாசிப்பார்கள். முதல் சுற்றில் தலைமாட்டில் நிற்கும் முதல் ஜோடி முன்னின்று ஆடும். ஆட்டம் அவர்களை ஓரிடம் கீழே இறக்கிவிடும். இரண்டாவது சுற்றையும் அங்கிருந்து அவர்களே ஆடிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள். இப்போது அடுத்த ஜோடி மேலே வந்திருக்கும். இப்படி 4 ஜோடிகளும் ஆளுக்கு இரண்டு முறை தலைமை தாங்குவார்கள். மற்ற சுற்றுகளில் பக்கத்துணையாக ஆடுவார்கள், அல்லது சும்மா நின்று மூச்சு வாங்குவார்கள். அந்தச் சும்மா நிற்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

நன்றாக ஆடுகிறவர் என்பதற்காக மூன்றாவது முறை யாருக்கும் கிடையாது. புதிதாக வந்தவள் என்பதற்காக என் இரண்டு முறையை யாரும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இசையே கணக்குப் போட்டுப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. 'எய்ட்சம் ரீல்' என்று எட்டுப் பேர் வட்டமாக ஆடுவது ஒன்று உண்டு. அதில் பெண்கள் நால்வர், ஆண்கள் நால்வர், ஒவ்வொருவராக நடுவில் போய் ஆட, மற்ற ஏழு பேரும் கைகோத்துச் சுற்றுவார்கள். எட்டுப் பேருக்கும் நடு இடம் ஒருமுறை உண்டு.

வகுப்பறையில் முதல் பெஞ்சுப் பிள்ளைக்கும் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் சமமாக வாய்ப்புக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தெரியும். அதை இவர்கள் ஆட்டத்தின் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்த நடனம் இன்று இருப்பதற்கு ஒரு ஆசிரியைதான் பெரிய காரணம் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஃபாக்ஸ்டிராட், ஜாஸ் என்று புதிய மோகம் வந்தபோது இந்தப் பழைய ஆட்டங்கள் மறையத் தொடங்கின. அப்போது ஜீன் மில்லிகன், இசோபெல் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து 1923இல் இதே கிளாஸ்கோவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மில்லிகன் இங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தவர். பழைய ஏடுகளிலிருந்தும், ஆடத் தெரிந்த முதியவர்களிடமிருந்தும் நடனங்களைத் திரட்டிப் புத்தகம் புத்தகமாக வெளியிட்டார்கள். 1927இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கோடைக்காலப் பள்ளி தொடங்கினார்கள். 1951இல் அரசர் சங்கத்துக்கு 'ராயல்' என்ற அடைமொழி கொடுத்தார். இன்று ஜப்பானில்கூடக் கிளை இருக்கிறது. மில்லிகன் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர்.

அவர் கையில் பெரிய பதவியோ பணமோ இல்லை. ஆசிரியர் ஆகப்போகிற பெண்கள் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் தொழிலின் பலம் அதுதான், செல்வங்களே.

குறை சொல்பவர்களும் உண்டு. சங்கம் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது, கால் நுனியை இப்படித்தான் நீட்ட வேண்டும் என்று சட்டம் போட்டு ஆட்டத்தை விறைப்பாக்கிவிட்டது என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் 'கேய்லி'க்குப் போகிறார்கள். நம் 'கேலி' இல்லை! கேலிக் மொழிச் சொல்; ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கூடிப் பேசிப் பாடுவது என்று பழைய பொருள். இன்று அங்கே யாரும் கால் நுனியைப் பார்ப்பதில்லை. இரண்டும் இருக்கட்டும் என்பதே என் எண்ணம். எழுதி வைத்திராவிட்டால் பாதி ஆட்டம் காணாமல் போயிருக்கும். இன்னொன்று, 'பா-த-பாஸ்க்', 'பூசெட்', 'அலெமாண்ட்' என்று இதன் அடிகளுக்கும் வடிவங்களுக்கும் பாதிப் பெயர் பிரெஞ்சு. அலெமாண்ட் என்றால் அந்த மொழியில் 'ஜெர்மானிய' என்று பொருள். பல இடத்திலிருந்து வந்ததை வாங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டு, அதைப் பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தப்பே இல்லை.

இனி, பள்ளிக்கூடம். என் பேத்திக்குப் பத்து வயது. நான் வகுப்பு முடிந்து வந்து வீட்டுக் கூடத்தில் அடி போட்டுப் பார்த்தபோது, "அப்பாயி, கையைத் தோள் உயரத்துக்குக் கொடுக்கணும்" என்று திருத்தினாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முந்தைய வாரங்களில் உடற்கல்விப் பாடவேளையில் இந்த ஆட்டங்களை வகுப்பு முழுவதற்கும் சொல்லித்தருவது வழக்கமாம். பையன்கள் கைகொடுக்க வெட்கப்பட்டு ஸ்வெட்டர் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு கொடுப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் எல்லோரும் ஆடுகிறார்கள். நன்றாக ஆடும் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்பது இல்லை. அதனால்தான் இங்கே ஒரு கல்யாணத்தில் வாத்தியம் தொடங்கினால் பாட்டியும் எழுந்து வருகிறார், கல்லூரிப் பையனும் எழுந்து வருகிறான். எல்லோரும் பள்ளியில் ஒருமுறை ஆடியவர்கள்.

நம் ஊர் ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு பிள்ளைகள் மேடையில். வாடகைக்கு எடுத்த உடை, சினிமாப் பாட்டு. மீதி நூறு பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டும். தேர்வாகாத பிள்ளை "எனக்கு ஆட வராது" என்று முடிவு செய்துகொண்டு, அந்த முடிவோடு அறுபது வயது வரை வாழ்ந்துவிடும். கும்மி மேடையேறப் பிறந்த ஆட்டமே இல்லை. யார் வேண்டுமானாலும் வட்டத்தில் வந்து சேரலாம், களைத்தால் விலகலாம். அதையும் மேடைக்கு அனுப்பிவிட்டு நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோம்.

இனி என் உறவினரின் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் போய் நாலு வருஷம் என்றார். எனக்கு அது நாள் கணக்கிலும் தெரியும்.

துக்கம் உள்ளவள் ஆடலாமா? ஸ்காட்லாந்துக்காரர்கள் மிகவும் மதிக்கும் நடனம் ஒன்று, 51ஆவது டிவிஷன் ரீல். 1940 ஜூனில் பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்றில் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷனின் ஆயிரக்கணக்கான வீரர்கள் ஜெர்மானியப் படையிடம் சரணடைந்தார்கள். அதன் அதிகாரிகள் சிலர் பவேரியாவில் லாவ்ஃபன் என்ற ஊரின் போர்க்கைதி முகாமில் அடைபட்டிருந்தபோது இந்த ஆட்டத்தை அமைத்தார்கள். அதில் நாலு மூலையிலும் நிற்பவர்களோடு கைகோத்துக் குறுக்குக் கோடு போல் நிற்கும் ஒரு கட்டம் வரும். அவர்கள் நாட்டுக் கொடியில் உள்ள புனித ஆண்ட்ரூவின் சிலுவை அது. தோற்று, சிறைப்பட்டு, வீடு திரும்புவோமா என்று தெரியாமல் இருந்தவர்கள் ஆடினார்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போது மட்டும் ஆடுவதற்கு உரியது ஆட்டம் என்றால், அவர்களுக்கு அது தோன்றியே இருக்காது. நம் ஊரில்கூட இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக நின்று, தாளம் தப்பாமல் மாரடித்துத்தானே ஒப்பாரி வைப்பார்கள்? துக்கத்தைக் கூடி நின்று தாங்குவது நமக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து, கையைப் பிடிப்பது. உண்மையைச் சொல்கிறேன். இந்த நாலு வருஷத்தில் என் கையைப் பிடித்தவர்கள் சாலை கடக்கும் பேத்தியும், ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸும்தான். கணவனை இழந்த பெண்ணை நாம் கொடுமைப்படுத்துவதில்லை, அந்தக் காலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சுப காரியங்களில் அவள் தானாகவே ஓர் அடி பின்னால் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவளும் நிற்கிறாள். மரியாதையோடுதான் ஒதுக்குகிறோம், ஆனாலும் ஒதுக்குகிறோம்.

இந்தக் கூடத்தில் யாரும் என் நெற்றியைப் பார்த்து எதையும் கணக்கிடுவதில்லை. "அடுத்த ஆட்டத்துக்கு ஜோடி இருக்கிறதா?" என்பது ஒன்றுதான் கேள்வி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடி மாற வேண்டும் என்பது வழக்கம். ஆண்கள் குறைவாக இருந்தால் பெண்களே ஆண்கள் வரிசையிலும் நிற்கிறார்கள். தொடக்கத்தில் எதிரில் நிற்பவருக்குத் தலைதாழ்த்தி வணக்கம், முடிவில் மறுபடியும் வணக்கம். நடுவில் கைகொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது பாடம். குனிந்த தலை நிமிராமல் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் கால் அடியைவிட இந்தப் பாடம்தான் கடினம். அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. நிமிர்ந்து நிற்கப் பழகுகிறோம், அவ்வளவுதான்.

ஆகவே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: மாதம் ஒரு பாடவேளை போதும். மேடை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், தேர்வு வேண்டாம். 40 பிள்ளைகள் என்றால் எட்டெட்டாக ஐந்து வட்டம். கும்மியோ கோலாட்டமோ, உங்கள் ஊரில் எது உண்டோ அது. ஊரில் ஆடத் தெரிந்த பாட்டி ஒருவர் இருப்பார். அவரை அழைத்துவந்து சொல்லித்தரச் சொல்லுங்கள். கால் சரியில்லாத பிள்ளைக்கும் தாளம் தட்ட வட்டத்திலேயே இடம் கொடுங்கள். பையன்களையும் சேருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: அம்மா அப்பாவை ஆறு மாத விசாவில் அழைத்துக்கொள்கிறீர்கள். நல்லது. கடைத்தெருவையும் கோட்டையையும் காட்டுகிறீர்கள், அதுவும் நல்லது. மீதி நாட்களில் அவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ என்ன வகுப்பு நடக்கிறது என்று விசாரியுங்கள். நடனம்தான் என்றில்லை. முதல் நாள் கூடவே போய் உட்காருங்கள். என் மருமகள் அப்படித்தான் செய்தாள். அவள் அன்று அரைநாள் விடுப்பு எடுத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் வயதுத் தோழிகளுக்கு: முழங்கால் வலிக்கிறது என்று தெரியும். எனக்கும்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டு, நடக்கிற அளவுக்கு ஆடுங்கள். கோயில் பிரகாரத்தில் வேண்டாம் என்றால் மொட்டை மாடியில் நாலு பேர் சேருங்கள். கும்மிப் பாட்டு யாருக்காவது நினைவிருக்கும்.

வரும் செவ்வாய்க்கிழமை 'டாஷிங் வைட் சார்ஜென்ட்' சொல்லித்தரப் போகிறார்களாம். மூன்று பேர் ஒரு வரிசை, எதிரில் மூன்று பேர். ஒரு சுற்று ஆடி முடித்ததும் ஒருவரை ஒருவர் கடந்து போய், அடுத்து வருகிற மூன்று பேரைச் சந்திக்க வேண்டும். இப்படியே கூடம் முழுவதும் சுற்றிவந்தால் புதுப் புது முகங்களோடு ஆடியிருப்போம் என்கிறாள் பேத்தி.

பள்ளியிலோ தெருவிலோ யாராவது வட்டம் கூட்டினால், படம் போடாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை பேர் சேர்ந்தீர்கள் என்று மட்டும் கீழே எழுதுங்கள். வழக்கம்போல் எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்